மணல் மூட்டை வைத்த கூரை

காந்தல், ஊட்டி
ஆகஸ்ட் 2, சனிக்கிழமை

அன்பு மகள் நாஜ்னீனுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அத்தாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். இந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு அப்புறம் கீழே போ. எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை, ஆனது வீட்டுக்குத்தான். நீயும் அங்கே அயர்லாந்துக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நைட் டியூட்டி முடிந்து வந்தால் போனை நோண்டாமல் தூங்கி, நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன்.

தினமும் வீடியோவில் பேசுகிறவள் எதற்காக மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்தக் கூரியர் கவரில் நீ கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டிய காகிதம் இருக்கிறது. அது எதற்கு என்று வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே அழுதுவிடுவேன், நீ அந்தப் பக்கம் டிக்கெட் தேட ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். மூன்று வாரமாக உன்னிடம் நாங்கள் நடித்துக்கொண்டிருக்கிறோம் கண்ணு. போன வாரம் என் பின்னால் பச்சைச் சுவரைப் பார்த்துவிட்டு, பெயின்ட் அடித்தீர்களா என்று கேட்டாயே, அது நம் வீட்டுச் சுவரே இல்லை, பக்கத்து வீட்டுச் சின்னம்மை அக்காவின் முன்னறை. உன் அத்தா ஆமாம் என்று தலையாட்டினார், நான் ஒரு படி மேலே போய்க் கலர் நல்லா இருக்கா என்று கேட்டேன். நீ நல்லா இருக்கு என்று சொன்னதும் போனை அத்தா கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். உன் தம்பி வாஜித் திருப்பூரிலிருந்து வந்து நான்கு நாள் கூட இருந்துவிட்டுப் போனான், அவனையும் வாய் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கித்தான் அனுப்பினேன், அவனைத் திட்டாதே, திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு.

நடந்தது ஜூலை பதினொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. அதற்கு முன்னால் ஒரு வாரமாகவே அடைமழை, பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டிருந்தார்கள். அத்தா ஜும்ஆவுக்குப் போயிருந்தார், நான் சமையலறையில் ஆணத்துக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழைச் சத்தம் நமக்குப் பழக்கம், ஆனால் அது மழைச் சத்தம் இல்லை. பின்பக்கத்துக் கற்பூர மரக் காட்டிலிருந்து காற்று இறங்கி வந்து கூரைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கியது மாதிரி இருந்தது. ஒரு தகர ஷீட் படபடவென்று அடித்தது, நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் தலைக்கு மேலே வெளிச்சம் வந்துவிட்டது. உன் அறைக்கு மேலே இருந்தது முழுசும், சமையலறைக்கு மேலே பாதியும், மொத்தம் ஒன்பது ஷீட் போய்விட்டது. முதலில் அடுப்பை அணைத்தேன், அடுத்தது உன் சர்டிபிகேட் பையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு ஓடினேன். அது ஒரு சொட்டுக்கூட நனையவில்லை, பயப்படாதே. உன் மெத்தையும் நீ விட்டுப்போன கம்பளியும்தான் ஊறிப்போய்விட்டன.

அத்தா பள்ளிவாசலிலிருந்து வருவதற்குள் தெருவே வந்துவிட்டது. நம் பக்கம் ஒரு வீட்டுக் கூரை போனால் யாரும் கூப்பிடக் காத்திருக்க மாட்டார்கள், உனக்குத் தெரியுமே. நம் தெருவில் எல்லார் வீட்டு மரவேலையும் பார்க்கிற அம்புரோஸ் முதலில் ஏறினான். அத்தா கடையைத் திறந்து பெரிய தார்ப்பாய் இரண்டு எடுத்து வந்தார். இத்தனை வருஷமாக மார்க்கெட்டில் தார்ப்பாயும் கயிறும் மழைக்கோட்டும் விற்கிற மனிதர், ஊரில் யார் கூரை ஒழுகினாலும் அவரிடம்தான் வருவார்கள், அவர் தன் வீட்டுக்கு வெட்டும்போது அளவை மூன்று தடவை எடுத்தார். மஃரிப் தொழுகைக்கு முன்னால் மேலே தார்ப்பாய் கட்டியாயிற்று, கீழே தண்ணீரைத் தள்ளியாயிற்று. ரோட்டில் கிடந்த ஷீட்டுகளை மாட்டுக் கொட்டகைக்கு ஆகும் என்று சின்னம்மை அக்கா கேட்டார், எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன். ஷீட்டோடு பிய்ந்து வந்த மரச்சட்டங்களை வெந்நீர் அடுப்புக்கு ஆகும் என்று நானே உள்ளே எடுத்து வைத்தேன். மேலே ஈரம் பட்டிருந்ததே தவிர உள்ளெல்லாம் பல வருஷம் காய்ந்த மரம். ஜூலையில் இந்த ஊரில் எரிகிற விறகு கையில் கிடைத்தால் யார் விடுவார்கள் சொல். ஒரு வாரம் அதில்தான் குளிக்க வெந்நீர் போட்டோம். எவ்வளவு சீக்கிரம் வீட்டை ஒழுங்கு பண்ணிவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, பைத்தியக்காரி நான்.

இன்சூரன்ஸ் என்று ஒன்று இருப்பதே எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. வாடகைக்கு இருந்த இந்த வீட்டையே நான்கு வருஷத்துக்கு முன்னால் நீ லோன் போட்டு வாங்கினாயே, அன்றைக்குப் பேங்கில் ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாய், அதில் ஒன்று வீட்டுக்கான பாலிசியாம். அடுத்த வாரம் அத்தாவும் நானும் பேங்குக்குப் போனபோது, அங்கே வேலை பார்க்கிற ஷைனா என்ற பெண் எங்கள் முகத்தைப் பார்த்து விசாரித்து, பேடிக்க வேண்டாம்மா, காத்துல கூரை போனா அதுக்குப் பாலிசி உண்டு என்று சொன்னாள். கூடலூர்க்காரி, பேச்சில் மலையாளம் கலந்து வரும், தங்கமான பெண். உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாலிசி சுவருக்கும் கூரைக்கும்தானாம், உள்ளே இருக்கிற மெத்தை, பீரோவுக்கெல்லாம் தனியாகப் போட்டிருக்க வேண்டுமாம், அதனால் உன் மெத்தையை மறந்துவிடு. புயல், வெள்ளம், மண் சரிவு என்று திடீரென்று வந்து அடித்துப் போனால் கொடுப்பார்களாம். துருப்பிடித்து, இற்றுப்போய், ஒழுகுகிறது தெரிந்தும் பார்க்காமல் விட்டு அதனால் போனால் கொடுக்க மாட்டார்களாம். கூரைக்கு வயதானதற்கென்று கொஞ்சம் கழிப்பார்களாம். சேதம் ஆனவுடனே சொல்ல வேண்டுமாம், எதையும் தொடுவதற்கு முன்னால் போட்டோ எடுக்க வேண்டுமாம், உடைந்ததையெல்லாம் சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயர் வந்து பார்க்கிறவரை அப்படியே வைத்திருக்க வேண்டுமாம். தார்ப்பாய் கட்டியது தப்பில்லை, அது கட்டத்தான் வேண்டும் என்றாள். அவள் சொல்லச் சொல்ல எனக்குக் கண்முன்னால் வெந்நீர் அடுப்புதான் எரிந்தது. நீ கொடுத்துவிட்டுப் போன பவர் பத்திரத்தை வைத்து அத்தா அன்றைக்கே கிளைமுக்கு எழுதிக் கொடுத்தார். உன் பழைய நம்பர் போன் என் அலமாரியில் இருப்பதால் இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய மெசேஜ் எல்லாம் எனக்குத்தான் வந்தது, இல்லாவிட்டால் அப்போதே உனக்குத் தெரிந்திருக்கும்.

இருபத்தொன்றாம் தேதி சர்வேயர் வந்தார். ராஜசேகர் என்று பெயர், கோயம்புத்தூர்க்காரர், அரைக்கைச் சட்டையோடு வந்து பல் தந்தியடிக்க நின்றார், அத்தாவின் ஸ்வெட்டரைத்தான் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். குறை சொல்லக் கூடாது, மரியாதையான மனிதர். ஷீட் எங்கேங்க என்று கேட்டார், மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப்போனோம், சின்னம்மை அக்காவின் மாடு நகராததால் அதையும் சேர்த்துத்தான் போட்டோ எடுக்க வேண்டியதாயிற்று. மரச்சட்டம் எங்கேங்கம்மா என்றார். எரித்துவிட்டேன் என்று சொன்னேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார், அப்படி எழுதுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். அப்போது உன் அத்தா, என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, போனை எடுத்து மே மாதத்தில் எடுத்த போட்டோவைக் காட்டினார். பாருங்க சார், மழைக்கு முன்னாடியே எவ்வளவு பத்திரமா வெச்சிருந்தேன்னு என்று. நம் கூரைமேல் வரிசையாக இருபது மணல் மூட்டை, ஒவ்வொன்றும் கயிற்றால் கட்டி, பார்க்கவே லட்சணமாக இருக்கும். இங்கே மழைக்கு முன்னால் யார்தான் மூட்டை வைக்கவில்லை, முடியாதவர்கள் கல்லையாவது வைப்பார்கள். ஆனால் கீழ்நாட்டு மனிதருக்கு அது எப்படித் தெரியும். அவர் அந்தப் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார். அப்ப ஷீட் நிக்காமத்தானுங்க மூட்டை வெச்சு அமுக்கியிருக்கீங்க என்றார். இல்லீங்க சார், எல்லாரும் வெப்போமுங்க என்று அத்தா சொன்னார். சரிங்க, இதை எனக்கு அனுப்பிருங்க என்றார். இவரும் அங்கேயே நின்று அனுப்பினார். மூட்டையையும் சேர்த்துத் தூக்குகிற காற்று வரும் என்று யார் நினைத்தார்கள்.

முப்பதாம் தேதி கம்பெனியிலிருந்து மெயில் வந்தது, ஷைனா பிரின்ட் எடுத்துப் படித்துச் சொன்னாள். முன்பே எடுத்த போட்டோவில் கூரைமேல் மணல் மூட்டைகள் காணப்படுவதால் கூரை ஏற்கெனவே தளர்ந்திருந்தது என்றும், போதிய பராமரிப்பு இல்லை என்றும் கருத வேண்டியிருக்கிறதாம். இதற்குப் பாலிசிதாரரே, அதாவது நீயே, கையெழுத்துப் போட்டுப் பதினைந்து நாளுக்குள் விளக்கம் கொடுக்க வேண்டுமாம். பவர் பத்திரம் இதற்குச் செல்லாதாம். கொடுக்காவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்களாம். அதாவது ஆகஸ்ட் பதினான்கு. அதற்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் கூரை வேலை ஆரம்பிக்க முடியாது, ஆரம்பிக்காவிட்டால் ஐப்பசி மழையும் இந்தத் தார்ப்பாய்க்குக் கீழேதான். இப்போதே மூன்று இடத்தில் பக்கெட் வைத்திருக்கிறேன். பகலில் வீட்டில் சமைக்கிறோம், படுக்கச் சின்னம்மை அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறோம், அவர் ஒரு வார்த்தை முகம் சுளித்ததில்லை, ஆனால் இரவல் வீட்டில் எத்தனை நாள் படுப்பது. காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே எங்கே இருந்தாலும் மேலே பார்க்கிறேன், நேற்று மார்க்கெட்டில் நடுரோட்டில் நின்று மேலே பார்த்தேன், அங்கே கூரையே இல்லை.

என்னைவிட உன் அத்தாவைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. போதிய பராமரிப்பு இல்லை என்ற அந்த மூன்று வார்த்தை அவரை என்னவோ செய்துவிட்டது. மழைக்காலம் என்பதால் கடையில் கூட்டம், மழைக்கோட்டெல்லாம் தீர்ந்துபோய் மறுபடி சரக்கு வந்திருக்கிறது, ஆனால் மனிதர் சாப்பாட்டில் கை வைப்பதில்லை. கடைக்குப் போகிற வழியில் மூட்டை வைத்த கூரையை எல்லாம் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறார். எதுக்குங்க இது என்று கேட்டால், அப்ப ஊரே பராமரிப்பு இல்லாத ஊரா, அதையும் எழுதச் சொல்லு என்கிறார். ராத்திரி போன் வெளிச்சத்தில் அந்தப் போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார், பரீட்சையில் தப்பாகத் திருத்திவிட்டார்கள் என்று பேப்பரைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற பிள்ளை மாதிரி.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது, அதை மறைக்க எனக்கு மனசில்லை. அம்புரோஸ் நல்லது நினைத்துத்தான் சொன்னான், அக்கா, மூட்டையெல்லாம் காத்தடிச்சப்பறம் வெச்சதுன்னு எழுதிக் குடுத்துருங்க, போட்டோவுல இருக்கற தேதிய எல்லாம் யாருங்க பாக்கறாங்க என்று. நான் சரி என்றேன். ஐந்து வேளை தொழுகிறவள், பொய் எழுத முதலில் துணிந்தது நான்தான். பக்கெட்டில் தண்ணீர் சொட்டுகிற சத்தத்தை மூன்று வாரம் கேட்டுப் பார், உனக்கும் தோன்றும். உன் அத்தா கோபப்படவில்லை, என்னைப் பார்க்காமலே, அப்படி எழுதினா இத்தனை வருசம் மே மாசத்துல நான் மேல ஏறுனதே இல்லீன்னு ஆயிருமே என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்கு மேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அல்லாஹ் முழுசாகக் கைவிடவில்லை. நேற்று முன்தினம் அம்புரோஸ் அடுப்பங்கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தவன், வெந்நீர் அடுப்புக்கு அடியில் குனிந்து இரண்டு கட்டையை இழுத்தான். நான் எரிக்காமல் விட்ட மிச்சம். இரண்டிலும் ஷீட்டைப் பிடிக்கிற கொக்கி போல்ட் அப்படியே இறுக்கமாக இருந்தது, வாஷர்கூடப் போகவில்லை. இதப் பாருங்க, போல்ட்டு பிடிய விடலீங்க, கட்டையவே பிடுங்கிக்கிட்டுப் போயிருக்குது, தளந்த கூரைன்னா ஷீட்டு மட்டும்தானுங்க பறக்கும் என்றான். மாட்டுக் கொட்டகையில் போய்ப் பார்த்தால் ஷீட்டில் ஓட்டை எல்லாம் நீளமாகக் கிழிந்திருக்கிறது, துருவால் அப்படிக் கிழியாதாம். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஷைனாவிடம் காட்டினோம். இதைத்தான் எழுதணும்மா என்றாள். இந்த ஊரில் மழைக்கு முன்னால் மூட்டை வைப்பது வழக்கம் என்று வார்டு கவுன்சிலரிடமும் அக்கம்பக்கத்திலும் கையெழுத்து வாங்கி, அத்தா சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் விளக்கத்தையும் அவளே எழுதிக் கொடுத்தாள். அதுதான் இந்தக் கவரில் இருப்பது. அந்த இரண்டு கட்டையும் என் பழைய சால்வையில் சுற்றி, உன் சர்டிபிகேட் பைக்குப் பக்கத்தில் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். யாராவது பார்த்தால் நகை என்று நினைப்பார்கள்.

இனி நீ செய்ய வேண்டியதைக் கேள். கவர் கைக்கு வந்த அன்றைக்கே மூன்று இடத்திலும் கறுப்பு மையில் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து ஷைனா எழுதியிருக்கிற மெயிலுக்கு அனுப்பு, அசல் காகிதத்தை மறுநாளே கூரியரில் போடு. பாலிசியில் நாஜ்னீன் ஜலீல் என்று முழுசாகப் போட்டிருக்கிறாய், அதே மாதிரி போடு, ஆஸ்பத்திரியில் போடுகிற கோழிக் கிறுக்கல் வேண்டாம். கூரைக்கு நான் பணம் அனுப்புகிறேன் என்று கூடுதல் டியூட்டி எடுக்காதே, டிசம்பர் லீவையும் மாற்றாதே, அந்த ராஜசேகர் எழுதியதைவிட அதுதான் எங்களை அதிகம் நோகடிக்கும். கம்பெனியிலிருந்து உனக்கு நேரே போன் வருமாம். கூரை முன்பே தளர்ந்திருந்ததா என்று கேட்பார்களாம். அவர்கள் கேட்டால் பயந்து வக்கீல் மாதிரி எதையும் யோசித்துச் சொல்லாதே. போன வருஷம் மே மாதம் லீவில் வந்தபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நீதானே. அத்தா மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறும்போது, ஷீட் பெயர்ந்துபோச்சா அத்தா என்று நீயும் இந்த சர்வேயர் கேட்டதையேதான் கேட்டாய். பெயரக் கூடாதுன்னுதான் கண்ணு வெக்கிறேன் என்று மேலே இருந்தபடியே சொன்னார். நான் கீழே துணி மடித்துக்கொண்டு கேட்டேன். அதை மட்டும் சொல், போதும்.

இதை எழுதி முடிக்கும்போது மணி பதினொன்று, வெளியே மூட்டமாக இருக்கிறது. திங்கட்கிழமை பலத்த காற்று இருக்கும் என்று எச்சரிக்கை விட்டிருக்கிறார்கள். காலையில் அம்புரோஸுக்காகக் காத்திருக்காமல் அத்தாவே தார்ப்பாய்மேல் வைக்க மணல் மூட்டைகளைக் கட்டி, ஏணியைச் சாத்திவிட்டார். வேண்டாங்க, மறுபடி அந்த ஆள் வந்தா இதையும் போட்டோ எடுப்பாருங்க, இந்த ஒரு வாரம் விடுங்க என்று கெஞ்சினேன். எடுக்கட்டும், காத்து வர்றதுக்கு முன்னாடியே வெச்சதுன்னு தேதியப் போட்டு எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டு முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினார். அறுபத்து மூன்று வயது ஆகிறது, முட்டி வலிக்கிறது என்று போன வாரம்தான் எண்ணெய் தேய்த்துவிட்டேன். இந்தத் தடவை ஏணியை நான் பிடித்துக்கொண்டேன்.

உன்னையும் உன்னோடு அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகளையும் அல்லாஹ் தன் காவலில் வைக்கட்டும், உன் கை தொட்ட நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும். பதினான்காம் தேதி. கறுப்பு மை, மூன்று இடம், முழுப்பெயர்.

உன் அம்மா,
ஆபிதா ஜலீல்